எதிரே சிரிக்கிறார்

பார்வை போனபின் செல்வின் படுக்கையை விட்டு எழவே மறுத்தான். மாத்திரைகளோடு, பேசும் மூக்குக்கண்ணாடி ஒன்றையும் எழுதிக் கொடுத்தார் மனநல மருத்துவர். எதிரே நிற்பவரின் முகம் எப்படி இருக்கிறது என்று அது காதுக்குள் சொல்லும்.

“மனைவி ஜெபராணி. சிரிக்கிறார்.”

தினமும் இதைக் கேட்டுக் கேட்டுத்தான் அவன் எழுந்து நடமாடினான்.

நேற்று பக்கத்து வீட்டுத் துக்கத்துக்குப் போனபோது, கதறலுக்கு நடுவே அது சொன்னது: “இறந்தவரின் மகள். சிரிக்கிறார்.”

அதிலிருந்து செல்வினுக்குச் சோறு இறங்கவில்லை. இன்று வேண்டுமென்றே, “இதெல்லாம் ஒரு கொழம்பா?” என்று தட்டைத் தள்ளினான்.

“சிரிக்கிறார்.”

“நாளைக்கு நல்லா வைக்கேன்” என்றாள் ஜெபராணி. குரல் கம்மியிருந்தது.

மூக்குக்கண்ணாடியா, மனைவியா, யார் பொய் சொல்வது? அவனுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த முகம் ஒன்றே ஒன்றுதான். சுவரைத் தடவிக்கொண்டு போய் பீரோ கண்ணாடியின் முன்னால் நின்றான். உதடு துடித்தது, கன்னம் நனைந்தது.

“எதிரே செல்வின். சிரிக்கிறார்.”

“அங்க என்ன செய்யுதிய?” பின்னாலேயே வந்துவிட்டாள் ஜெபராணி.

“இத இப்படிச் சொல்ல வச்சது யாரு?”

“டாக்டருதான். நீங்க திரும்பவும் படுத்திரக் கூடாதுன்னு நானும் சரின்னேன்.”

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவள் முகத்தைக் கையால் தேடினான். முகத்தைப் பொத்தியிருந்த முந்தானை நுனிவரை ஈரமாக இருந்தது.

“ஏட்டி, எத்தன நாளா அழுதுக்கிட்டிருக்க?”