பச்சை உருவம்

மகன் வாங்கி மாட்டிவிட்டுப் போன கேமரா டிவிக்கு அடியில் கண் விழித்திருக்கிறது. எதிரே யார் அசைகிறார்களோ அவர்களைப் போலவே திரையில் ஒரு பச்சை உருவம் அசையும். ஒரு பெண் குரல் உற்சாகப்படுத்தும். வயதானவர்களுக்கான உடற்பயிற்சியாம். ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டரோ, எனக்கே டிரில்லா என்ற கடுப்பில், அசையாமல் நாற்காலியில் சாய்ந்து காப்பி குடிக்கிறார். ஜன்னல் வெயில் தரையில் நீளமாகக் கிடக்கிறது. மனைவி வாளியும் ஈரத்துணியுமாக வந்து டிவிக்கு முன்னால் குனிகிறாள். பச்சை உருவமும் குனிகிறது. “அருமை! இன்னும் கொஞ்சம் குனியுங்க!” என்கிறது குரல். அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. உருவம் நிமிர்கிறது. ஒரேயடியாக அல்ல, இடது முழங்காலைக் கையால் அழுத்தி, பாதியில் நின்று, மூச்சு வாங்கி, அப்புறம்தான் மீதி. மறுபடி குனிகிறது, மறுபடி கை முழங்காலுக்குப் போகிறது. மைதானம் நிறைய பிள்ளைகள் நின்றாலும், எவன் காலை இழுக்கிறான் என்று சட்டென்று பிடித்துவிடும் கண் அவருடையது. காப்பி டம்ளரைக் கீழே வைக்கிறார்.

“முட்டி வலிக்குதா உனக்கு?”

“அது வலிக்க ஆரம்பிச்சு எவ்வளவோ காலமாச்சு. காலைத் தூக்குங்க, தொடைக்கணும்.”

சொல்லிவிட்டு, அவர் தூக்கட்டும் என்று துணியோடு அசையாமல் நிற்கிறாள். அவர் இரண்டு கால்களையும் தூக்குகிறார். திரையில், சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பச்சை உருவம் கால்களைத் தூக்குகிறது.

“சபாஷ்!” என்று டிவி கைதட்டுகிறது.

தூக்கிய காலை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.