கறுக்காத சதுரம்

திங்கட்கிழமை காலை பதினொன்றேகால். மனநல டாக்டர் வெள்ளைத்தாளில் சுனில்குமாரின் குடும்பத்தை வரைகிறார். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம், நோய் கண்டவர்களுக்குக் கறுப்பு. சுனில்குமாரின் சதுரம் மட்டும் கறுத்திருக்கிறது. ஒன்பது நாளாக உறங்காத அவன் ஜன்னல் கம்பியின் பெயின்டை நகத்தால் சுரண்டுகிறான். மின்விசிறிக் காற்றில் தாள் படபடக்கிறது. "ரத்த உறவுல வேற ஆருக்காவது இந்த நோயோ, தற்கொலையோ உண்டா? இருந்தா இவருக்கும் உயிராபத்து கூடுதல். வீட்டுக்கு விட மாட்டேன்," என்கிறார் டாக்டர். வியாழக்கிழமை சுனில்குமாரின் தங்கைக்கு நிச்சயதார்த்தம். அதற்குள் மகனை வீட்டில் சேர்த்து ஊர் வாயை மூடிவிட வேண்டும் அவன் அம்மா உமையம்மாளுக்கு. "எங்க குடும்பத்துல ஒருத்தருக்கும் கிடையாது டாக்டரே. எங்க அண்ணன் குற்றாலிங்கம் சந்நியாசம் போனவராக்கும். இவ வந்து கேறின பெறவுதான் எம்பிள்ளைக்கு இப்படி." மருமகள் அஜிதாவை அவள் பார்க்கவில்லை. "எழும்பு மக்கா, போவோம்." டாக்டர் அண்ணனின் சதுரத்தை வெள்ளையாகவே விட்டுப் பேனாவை மூடுகிறார். அஜிதா வாசலை மறித்து நிற்கிறாள். கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. குரல் மட்டும் உயரவில்லை.

"உங்க அண்ணன் சந்நியாசம்தான் போனாருன்னா மாமி, மறுநாளே வீட்டுக் கிணத்தை எதுக்கு மண்ணு போட்டு மூடுனிய?"