பாதியில் நின்ற போல்ட்

"ஒரே ஒரு அடி. அதுக்கு வழியில்ல" என்று முணுமுணுத்தார் ஆர்னோ. முற்றத்தில் நின்ற மோட்டார் சைக்கிள் பக்கத்தில் குந்தியிருந்தார். ஒரு கையில் சுத்தியல், மறு கையில் பித்தளைக் கம்பி. ஓங்கத்தான் தைரியம் இல்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியில் அன்றைக்கு யாரும் சத்தம் போடக் கூடாது. சுத்தியல் என்றால் பேச்சுக்கே இடமில்லை.

மூன்றாம் மாடி ஜன்னலில், முழங்கைக்குத் தலையணை வைத்து மெர்ட்டன் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். முற்றத்தில் ஊசி விழுந்தாலும் வீட்டுக்காரருக்கு எழுதிப் போடுகிறவர். ஆர்னோ மேல் ஏற்கெனவே இரண்டு புகார். இன்னொன்று வந்தால் மோட்டார் சைக்கிளை வெளியே தள்ளிவிடுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

சமையலறையிலிருந்து மனைவி கெர்டா எட்டிப் பார்த்தாள்.

"என்ன, வண்டியில பெட்டி ரெண்டும் மாட்டியாச்சா?"

"இடது பக்கம் முடிஞ்சுது. வலது பக்கம் சிக்கிக்கிச்சு."

பெட்டியைத் தாங்கும் சட்டம், பின் ஷாக் அப்சார்பர் போல்ட்டோடு சேர்ந்துதான் நிற்கும். பழைய போல்ட்டை உருவிவிட்டு நீளமான புதுசைப் போட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான். பின் சக்கரம் இறங்காமல் அடியில் கட்டை. ஆர்னோ எல்லாவற்றையும் முறையாகத்தான் செய்தார். துருதான் முறை பார்க்கவில்லை. போல்ட் பாதியில் நின்றுவிட்டது. வெளியேயும் வராது, உள்ளேயும் போகாது.

"அப்ப நாளைக்குக் கப்பல்?"

"என்னைக் கேட்டா?"

வண்டியோடு கப்பல் ஏறினால் ஸ்வீடன். அங்கே மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. ஆர்னோ இன்னும் பேத்தி முகம் பார்க்கவில்லை.

"நேத்தே செய்யச் சொன்னேன். கால்பந்து பார்த்துட்டு உட்கார்ந்திருந்தீங்க."

"உள்ள போடி. நீ பேசுறதே பெரிய சத்தம்."

அண்ணாந்து பார்த்தார். ஜன்னலில் தலையணை மட்டும் இருந்தது. படியில் செருப்புச் சத்தம். மெர்ட்டன் அம்மா இறங்கி வந்தார், கையில் போனோடு.

படம் பிடிக்கப் போகிறார். ஆர்னோ சுத்தியலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"ஒளிக்காதே. பார்த்தாச்சு."

"நான் அடிக்கலைம்மா. சும்மா கையில வச்சிருந்தேன்."

"அந்தக் கம்பியை போல்ட் நுனியில வை."

"என்னது?"

"காது கேக்கலையா? வை. நான் சொல்றப்ப அடி. அதுக்கு முன்னாடி அடிச்சே, இப்பவே எழுதிப் போடுவேன்."

ஆர்னோவுக்கு ஒன்றும் புரியவில்லை. வைத்தார். மெர்ட்டன் அம்மா போனில் நேரத்தைப் பார்த்தபடி நின்றார்.

பக்கத்துத் தேவாலயத்தில் நண்பகல் மணி தொடங்கியது. சின்னது பெரியது எல்லாம் சேர்ந்து முழங்க, ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

"இப்ப அடிய்யா! என்ன முழிக்கிறே?"

அடித்தார். அசையவில்லை.

"தடவிக் கொடுக்கிறியா? ஓங்கி அடி!"

ஓங்கி அடித்தார். போல்ட் மறுபக்கம் தெறித்து, கல்லில் உருண்டது. சக்கரம் கட்டை மேல் அப்படியே நின்றது. சட்டத்தை வைத்துப் புது போல்ட்டை நுழைத்தார். வழுக்கிக்கொண்டு போனது. நட்டைப் போட்டு முறுக்கி முடிக்கும்போது மணியும் ஓய்ந்தது.

ஆர்னோ நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ஏம்மா, போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு ஆணி அடிச்சேன். அதுக்கு எழுதிப் போட்டீங்களே?"

"மணி நின்ன அப்புறம் அடிச்சே. விடுவேனா?"

"இந்த வழி உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மெர்ட்டன் அம்மா நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஞாயித்துக்கிழமை தவறாம எங்க வீட்டுல கறியைச் சுத்தியலால தட்டி, மெலிசாக்கித்தான் பொரிக்கிறேன். ஒரு நாளாவது உனக்குச் சத்தம் கேட்டிருக்கா?"