பின் சக்கரத்துச் சத்தம்

"விவாகரத்து ஆகி ரெண்டு வருஷம் ஆகுது. இன்னும் இந்த வீட்டுல இவங்களுக்கு என்னப்பா வேலை?"

மகள் வாசலில் நின்று கேட்டது ஷெட்டுக்குள்ளும் கேட்டிருக்கும். அங்கே, அப்பா எப்போதோ ஆசைப்பட்டு வாங்கிப் பாதியில் கைவிட்டிருந்த பழைய கார், பின்பக்கம் தூக்கி ஸ்டாண்டில் நின்றது. தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்து, வலது பின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள் அந்த வீட்டின் முன்னாள் மருமகள்.

"வேலை இருக்குன்னுதான் வந்திருக்கா," என்றார் அப்பா. "பேரிங் போயிடுச்சு. ஓட்டினா ஊளையிடுது."

"நான் காரைப் பத்திக் கேக்கல."

"வேற எதைப் பத்திக் கேட்டாலும் எனக்குப் பதில் தெரியாதும்மா." டார்ச்சை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போய்விட்டார்.

மகள் வந்த காரியம் வேறு. அவள் அண்ணன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊரில் இருக்கிறான். குழந்தை பிறந்து, தவழவும் ஆரம்பித்துவிட்டது. அப்பா இதுவரை எட்டிப் பார்க்கவில்லை. மகன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். 'எப்படியாவது அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா' என்று அண்ணன் அழாத குறையாகச் சொல்லியிருந்தான். காலையிலிருந்து கெஞ்சிப் பார்த்தாள். அப்பா மசியவில்லை.

மசியாததற்குக் காரணம் ஷெட்டுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. பின்னாலேயே போனாள்.

மருமகள் இழுத்துக் கழற்றும் புல்லரை மாட்டித் திருகத் திருக, சக்கரத்தைத் தாங்கும் ஹப் முனகிக்கொண்டே வெளியே வந்தது. உள்ளிருந்த பழைய பேரிங்கைத் தட்டி எடுத்து, விரலில் சுற்றிக் காட்டினாள். கரகரவென்றது.

"பாருங்க மாமா. குண்டெல்லாம் தேஞ்சு போயிருக்கு."

"இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்போல இருக்கே."

"ஊளையிடுதுன்னு சொன்னது நீங்கதான்."

"சொன்னேன். இன்னிக்கே மாத்தணும்னா சொன்னேன்?"

அவள் மண்ணெண்ணெய்த் துணியால் ஹப்பைத் துடைத்தாள்.

"பழைய காருக்கெல்லாம் இப்ப நல்ல மவுசு," என்றாள் மகள், யாரையும் பார்க்காமல். "ஆளு வேண்டாம்னு போனாலும், கார் வேண்டியிருக்கு."

"உன் காலடியில ஒரு இரும்புக் குழாய் கிடக்கு பாரு. அதைக் கொஞ்சம் எடேன்," என்றாள் மருமகள்.

மகள் எடுத்துக் கொடுத்தாள். புது பேரிங்கின் மேல் குழாயை வைத்து, சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்ட ஆரம்பித்தாள் மருமகள்.

"வெளி வளையத்துலயே தட்டு," என்றார் அப்பா. "உள் வளையத்துல அடிபட்டா புதுசும் பாழ்."

"தெரியும் மாமா. இடது பக்கம் போட்டதும் நான்தானே."

இந்த மாமா, மருமகள் ஒட்டுதல்தான் மகளுக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க வாராவாரம் வந்து கண்ணு முன்னால நின்னா, அவருக்குக் கோவம் எப்படி ஆறும்? பெத்த பிள்ளையோட பேச்சு இல்ல. பேரன் முகத்தை இன்னும் பாக்கல. அதுல உங்களுக்கு ஒரு திருப்தி. அதுக்குத்தான் வர்றீங்க."

சுத்தியல் நின்றது.

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மருமகள் வேண்டாம் என்பதுபோலத் தலையசைத்தாள்.

"டார்ச்சைக் கொஞ்சம் கீழ பிடிங்க மாமா," என்றாள்.

பேரிங் போய் உட்கார்ந்தது. கிரீஸ் வைத்து, ஆயில் சீல் வளையத்தை அழுத்தி, ஹப்பை ஏற்றி, நட்டை இறுக்கி, சக்கரத்தையும் மாட்டினாள். கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டாள். சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. நின்று பார்த்த அப்பா முகத்தில் சந்தோஷத்தைக் காணோம்.

"ஓட்டிப் பாத்துடலாம் மாமா." கையைத் துடைத்துக்கொண்டே மகள் பக்கம் திரும்பினாள். "நீயும் வா. பின் சீட்டுல உக்காந்தாத்தான் சத்தம் வருதான்னு தெரியும்."

அவள் காரை ஸ்டாண்டிலிருந்து இறக்குவதற்குள் அப்பா வீட்டுக்குள் போய்விட்டு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை மாற்றியிருந்தார்.

"சக்கரத்துச் சத்தம் கேக்கறதுக்கு இஸ்திரிச் சட்டையா?" என்றாள் மகள்.

மருமகள் ஸ்டீயரிங்கைப் பிடிக்க, அவர் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார்.

கார் தெருவைத் தாண்டி, கடைகளைத் தாண்டி, பெரிய சாலையில் ஏறியது. மகள் வேண்டாவெறுப்பாகக் காது கொடுத்துக் கேட்டாள். ஒரு முனகல்கூட இல்லை. கார் போய்க்கொண்டே இருந்தது.

"போதுமே. திரும்பலாமே."

முன்னால் இருந்த இரண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கார் வேகம் குறைந்து ஒரு தெருவுக்குள் நுழைந்தபோதுதான் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அண்ணன் வீட்டு வாசலில் கார் நின்றது. உள்ளே ஒரு குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

அப்பா கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார். "நீ?" என்றார் மருமகளிடம்.

"இவ்வளவு தூரம் ஓடியிருக்கு. ஹப் சூடாயிருக்கான்னு தொட்டுப் பாக்கணும் மாமா. நீங்க போங்க." இறங்கிப் போய், வீட்டுக்கு முதுகைக் காட்டிப் பின் சக்கரத்தருகே குந்திக்கொண்டாள்.

மகள் அப்பாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"காலையில நான் அவ்வளவு கெஞ்சினேன். அப்ப வரலையேப்பா?"

"இப்ப மட்டும் நானாவா வந்தேன்?" என்றார் அப்பா. "குழந்தை பொறந்த சேதி கேட்டதும், போய்ப் பாத்துட்டு வாங்க மாமான்னு இவ வந்து நின்னா. வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம, 'என் கார் ஓடட்டும், அதுல போறேன்'னு சொல்லித் தொலைச்சேன். அன்னியிலேருந்து ஒரு ஞாயித்துக்கிழமைகூட விடாம வந்து ரிப்பேர் பண்ணினா."