கழுவிய வண்டி

விடிந்ததும் விடியாததுமாக என் கணவன் நெவில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குளித்த தண்ணீரை வாளியில் பிடித்து எலுமிச்சை மரத்துக்கு ஊற்றுகிற வீடு இது. இரண்டு வருடம் கழித்து நேற்றுதான் மழை. மழைமானியை நானும் அவனும் மாறி மாறி எட்டிப் பார்த்தோம், தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோல. இருபத்தெட்டு மில்லிமீட்டர்.

அதற்குப் பிறகு நிலத்தைச் சுற்றி வந்ததில் ஏறிய சேறு. அதைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்கென்ன கிறுக்கா நெவில்? சேறோட போனா ஊரே வயிறெரியும். அப்படியே போவோம், வா" என்றேன்.

வறட்சிக் காலத்தில் எங்கள் கோதுமைச் சீமையில் சேறு பூசிய வண்டிதான் பவிசு. கடைவாசலில் நிறுத்திவிட்டு, வேலை இல்லாவிட்டாலும் அரைமணி நேரம் நின்று பேசுவார்கள்.

அவன் குனிந்து சக்கரத்தைத் தேய்த்தான். சக்கரம் முடிந்ததும் பூட்ஸைக் கழற்றி அதையும் கழுவினான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் போவது கடைக்கு அல்ல, டட்லி வீட்டுக்கு.

டட்லி எங்கள் பக்கத்து நிலத்துக்காரன். நேற்றைய மழை நடுவிலிருக்கும் தார்ச்சாலை வரை வந்து, அதோடு நின்றுவிட்டது. அவனுக்கு ஒரு தூறல் இல்லை.

விதைக்கும் இயந்திரம் இரண்டு குடும்பத்துக்கும் பொது. இந்த வாரம் அவன் முறை. எங்கள் மண்ணில் ஈரம் நாலு நாள் தாங்கினால் அதிகம். அதற்குள் விதை இறங்காவிட்டால் இந்த வருடமும் போச்சு. இதுவும் போனால் நிலம் எங்களிடம் இருக்காது.

இயந்திரத்தைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றேன். எந்த முகத்தோடு கேட்பது என்றான் நெவில். சேறு தெறிக்காமல் சரளைப் பாதையில் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினான்.

வண்டி ரேடியோவில் இந்த வாரத்து வானிலையும் மண் நிலவரமும் வாசித்தார்கள், நேற்றைய மழைக்கு முன்னால் எழுதியது போல. எங்கள் வட்டாரம் முழுக்க மண் காய்ந்திருக்கிறதாம், விதைக்க அவசரப்பட வேண்டாமாம். நெவில் முகம் கொஞ்சம் தெளிந்தது. டட்லியும் இதைத்தானே கேட்டிருப்பான், எங்களுக்கு மழை பெய்தது தெரிந்திருக்காது என்று நினைத்தான் போல.

வாசலுக்கு வந்த டட்லி, "உங்க பக்கம் எவ்வளவுடா?" என்றான். எங்கள் ஊரில் இதுதான் வணக்கம்.

"பெருசா ஒண்ணுமில்ல. புழுதி அடங்குச்சு, அவ்வளவுதான்" என்றான் நெவில். பொய் சொல்லத் தெரியாத மனிதன். காது சிவந்துவிட்டது.

டட்லி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான். பானெட்டில் விரலை இழுத்து, அந்த விரலைத் தூக்கி எங்களுக்குக் காட்டினான். துளி தூசி இல்லை.

"டேய், வண்டி கழுவத் தண்ணி வச்சிருக்கிறவன் வீட்ல மழை பெய்யலன்னு சொன்னா, எவன்டா நம்புவான்?" என்று சிரித்தான்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. நெவில் தன் சுத்தமான பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான்.

டட்லி சிரிப்பை விட்டுவிட்டுக் கேட்டான். "மண்ணு பதமா இருக்கா?"

நெவில் ஆமென்று தலையாட்டினான்.

"அப்புறம் இங்க என்ன பேச்சு?" என்று டட்லி கொட்டகைப் பக்கம் நடந்தான். நாங்கள் பின்னால் போனோம்.

விதைக்கும் இயந்திரம் வெளியே நின்றது. அவனுடைய டிராக்டரிலேயே பூட்டியிருந்தது. மூட்டுக்கு மூட்டு புதிதாக கிரீஸ் போட்டிருந்தான்.

நேற்று எங்கள் மேல் மழை இறங்கியதை, தனக்கும் வரும் என்று காத்து, அவன் இங்கே நின்றுதான் பார்த்திருக்க வேண்டும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

காய்ந்த புழுதியில் சக்கரத் தடம் தெளிவாகத் தெரிந்தது. கொட்டகையிலிருந்து அவன் நிலத்தை நோக்கிக் கொஞ்ச தூரம் போய், அங்கே ஒரு பெரிய வட்டமடித்து, எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பி நின்றிருந்தது.