பரணில் யாரோ

“கட்டை மேல கால வைங்க, பஞ்சுல வைக்காதீங்க!” என்று கீழேயிருந்து கத்தினாள் மனைவி.

“எனக்குத் தெரியும்!” என்றபடியே, பரணில் ஏறிக் கூரை ஒழுகலைத் தேடிக்கொண்டிருந்த கணவர், வெயில் சூடு இறங்காமலிருக்கக் கட்டைகளுக்கு நடுவே பரப்பியிருந்த பஞ்சை மிதித்தார். பஞ்சு பஞ்சாகவே நடந்துகொண்டது. சீலிங்கைப் பிய்த்துக்கொண்டு அவருடைய கால் படுக்கையறையில் தொங்கியது.

மறுநாள் சீலிங் மாற்ற வந்த மேஸ்திரி, அந்தப் பழைய பஞ்சை அள்ளும்போது கூப்பிட்டார். “சார், மூலையில யாரோ குடியிருக்காங்க! பலகை, தலகாணி, பாதி படிச்ச நாவல்!”

கணவர் போனை எடுத்தார். “போலீசுக்குச் சொல்லிடலாமா?”

மனைவி அவர் கையிலிருந்து போனை வாங்கி வைத்தாள். அவளை உற்றுப் பார்த்தார்.

“ஆமா, எங்க கட்டை, எங்க பஞ்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“நான்தாங்க. நீங்க ரிட்டயர் ஆனதிலேர்ந்து, கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு தினம் ஒரு மணி நேரம் அங்கதான் இருக்கேன். அந்தப் பலகையை மட்டும் எடுக்கச் சொல்லாதீங்க.”