தங்கச்சிக்குக் கோபம்

இரண்டு மாதமாக மருத்துவமனையில் கிடக்கும் மகன், அம்மா உள்ளே நுழைந்ததும் வழக்கம்போல அதையே கேட்டான்.

“தங்கச்சி வரலையாம்மா?”

“உன்மேல இன்னும் கோவமா இருக்கா” என்றாள் அம்மா, கட்டுப்போட்ட அவன் காலுக்கடியில் தலையணையைச் சரிசெய்தபடி. “நேத்து லைசென்ஸ் வாங்கினவன் ஒரு கையில போனை வச்சுக்கிட்டுக் கார் ஓட்டலாமா? பக்கத்துல உட்கார்ந்திருந்தவளுக்கு வலது கை முறிஞ்சுபோச்சு. கோவம் வராதா?”

“இன்னைக்கு என்ன பண்றா?”

“பரீட்சை வருதில்ல. இடது கையால எழுதிப் பழகுறா. எழுத்து கோழி கிறுக்கின மாதிரி இருக்கு.”

அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

அப்போது டாக்டர் வந்து காலைப் பார்த்தார். “நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

அம்மா அவர் போவதையே பார்த்தாள். வீட்டுக்குப் போனால் இனி எதையும் மறைக்க முடியாது. நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“கண்ணா, உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்.”

“வேண்டாம்மா. எனக்குத் தெரியும்.”

“யாருடா சொன்னா?”

“யாரும் சொல்லல. ஒரே ஒரு மெசேஜ் பாக்கக் குனிஞ்சேன். நிமிர்ந்தா எதிர்ல லாரி. கதவை உடைச்சு எங்களை வெளியில எடுக்கற வரைக்கும் அவ தலை என் தோள்மேலதாம்மா இருந்தது. மூச்சு நின்னது எனக்குத்தான் முதல்ல தெரியும்.”

அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்புறம் ஏன்டா தினமும் அவளைக் கேட்டே?”

“நீ சொல்லச் சொல்ல, அந்தக் கொஞ்ச நேரம் அவ வீட்டுல இருந்தாம்மா.”